இருபதாம் வருடத்து மாமரம்

நடப்போகும் மாமரம் மூன்றாம் வருடத்தில் எப்படி இருக்கும் என்று பார்க்கப் போன சிங்காரவேலு, வரப்போகும் வருடங்களைக் காட்டும் தோட்டக் கண்ணாடியில் அவசரக்குடுக்கையாக இருபதை அழுத்திவிட்டார். புது வீட்டைச் சுற்றிக் கிடந்த ஜல்லியும் உடைந்த செங்கல்லும் மறைந்து பெரிய மரம் தெரிந்தது. நிழலில் ஒரே ஒரு நாற்காலி.

புருஷன் பெண்டாட்டி இருவரின் மருத்துவ விவரங்களையும் வாங்கிக்கொண்டுதான் கம்பெனி அந்தக் கண்ணாடியைத் தந்திருந்தது. ஒற்றை நாற்காலிக்கு என்ன அர்த்தம் என்று போன் செய்து கேட்டார்.

"அது சும்மா ஒரு மாதிரிப் படம் சார்."

டாக்டர் மருமகனைக் கேட்டார்.

"வெயில்ல நிக்காதீங்க மாமா."

இன்னொரு நாற்காலி உடைந்திருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். அவர் உட்கார்ந்து உடையாத நாற்காலி அபூர்வம்தான். ஆனாலும் மனசு கேட்கவில்லை. கன்று நடக் குழி வெட்டிக்கொண்டிருந்த மனைவியிடம் போனார்.

"வசு, அது யாரோட நாற்காலி?"

வசுமதி மண்வெட்டியைக் கீழே வைத்தாள்.

"என்னோடதுங்க. போன மாசமே பாத்துட்டேன். எட்டாம் வருஷம் வரைக்கும் ரெண்டு நாற்காலி இருக்கு. அதான் விதைக்கன்னு வேணாம்னு ஒட்டுக்கன்னா வாங்கினேன். மூணே வருஷத்துல காய்ச்சிடும். அஞ்சு வருஷமாவது நம்ம மரத்துப் பழத்தை நீங்க தின்னணும்."