வெறும் வாசல்

கணினிக்குள், தான் குடியிருக்கும் மயிலாப்பூர் மாடவீதியைத் தத்ரூபமாகக் கட்டி வைத்திருந்தார் ஸ்ரீவத்சன். பம்பாய்க் கண்காட்சியில் அதைக் காட்ட ஒரு லேப்டாப் வேண்டும். குறுந்தகட்டோடு தி.நகர் கடைக்குப் போனார்.

மலிவான லேப்டாப்பில் தெரு திக்கித் திக்கி நகர்ந்தது. அவர் பதித்திருந்தபடியே எல்லா வாசலிலும் கோலம் இருந்தது. விலை கூடியதில் தெரு வழுக்கிக்கொண்டு ஓடியது. ஆனால் அவர் வீட்டு வாசல் மட்டும், துக்கம் நேர்ந்த வீடு போல வெறுமையாக இருந்தது.

"கிராஃபிக்ஸ் கார்டுல கோளாறா?" என்று கேட்டார்.

"நல்ல கார்டு சார். இருக்கறத அப்டியே காட்டும்" என்றார் கடைக்காரர்.

ஒன்றும் வாங்காமல் ஆட்டோவில் திரும்பினார். வாசலில் மனைவி ஜானு தண்ணீர் விட்டு, காலையில் போட்ட கோலத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி அழிக்கறே?"

ஜானு விளக்குமாற்றோடு நிமிர்ந்தாள்.

"இன்னிக்கு நம்மாத்து வாசல்ல கோலம் கூடாதுன்னு தோணித்து. ஏன்னுதான் தெரியலை."