சுவரில் தட்டும் சத்தம்

“சுவத்துக்குள்ள யாரோ தட்டுறாங்க, பாப்பா. நேத்துலேர்ந்து விடாம தட்டுறாங்க.”

அண்ணன் சுவரில் காதை வைத்தபடி நின்றான். பாப்பாவுக்கு நாற்பது வயதாகிவிட்டது. அவனுக்கு மட்டும் இன்னும் பாப்பாதான். இதே பல்லவியைக் கேட்டுக் கேட்டு அவளுக்குத் தலை வெடித்தது.

“அந்தப் பக்கம் டைலர் வீடுண்ணா. மக வீட்டுக்குப் போறேன்னு அவரே சொன்னாரு. ஆளில்லாத வீட்ல யாரு தட்டப் போறா?”

“மெதுவாத் தட்டுறாங்க. ஃபேன் சத்தத்துல உனக்குக் கேக்காது.”

மனச்சிதைவு வந்த நாளாக அவனுக்குக் குரல்கள்தான் கேட்கும், தட்டல் புதுசு. அடங்காவிட்டால் மறுபடி வார்டுதான் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். போன தடவை எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தவன். இன்னொரு தடவை அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை.

டாக்டர் ஆராய்ச்சிக்காகக் கொடுத்த நிகோடின் பிளாஸ்திரி ஒன்றுதான் இன்னும் முயன்று பார்க்காதது.

“நிகோடினைப் பிடிச்சுக்கற ஏற்பிகள் மூளையில இருக்கும்மா. வேண்டாத சத்தத்தை வடிகட்டறதுக்கு, கவனத்தை நிறுத்தறதுக்கு அதெல்லாம் வேணும். உங்க அண்ணனுக்கு அது மந்தம். அதான் எல்லாச் சத்தமும் உள்ள வந்துடுது. இதை ஒட்டினா கொஞ்ச நேரம் அடங்குதான்னு பார்ப்போம்” என்று அவர் விளக்கியிருந்தார்.

அவள் பிளாஸ்திரியை அவன் கையில் திணித்தாள். “தோள்ல ஒட்டிக்கோண்ணா. என் கண்ணுல்ல!”

துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். டைலர் வாசலில் கிடந்த அவருடைய ஒரே ஜோடி தோல் செருப்பை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பெருக்கினாள். துணி துவைத்து, காயப்போட்டு, உள்ளே வந்தாள்.

அண்ணன் சுவரை விட்டு வந்து நாற்காலியில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான்.

“இப்ப கேக்குதாண்ணா?”

“இல்ல. நின்னுடுச்சு.”

போன உயிர் அவளுக்குத் திரும்பி வந்தது. ஈரக் கையோடு டாக்டருக்குப் போன் போட்டாள்.

“பிளாஸ்திரி வேலை செய்யுது டாக்டர்! தட்டுற சத்தம் சுத்தமா நின்னுடுச்சாம். வார்டெல்லாம் வேண்டாம், நானே பாத்துக்கறேன்!”

அண்ணன் சட்டைப் பையில் கைவிட்டான். உறை பிரிக்காத பிளாஸ்திரியை எடுத்து அவள் முன்னால் வைத்தான்.

“ஒட்டினா கேக்காமப் போயிடுமேன்னு நான் ஒட்டவே இல்ல, பாப்பா. தட்டினவருதான் நிறுத்திட்டாரு.”