தூண் நின்ற இடம்

மாதா கோயில் எரிந்த பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, சாம்பலை ஒதுக்கிவிட்டு வெறுந்தரையில் பூசை நடந்தது. கூரையில்லை, சுவரில்லை. எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். ஆனாலும் கடற்கரைச் சனங்கள் அவரவர் பழைய இடத்தில்தான் போய் உட்கார்ந்தார்கள். கித்தேரியம்மாளும் தன் இடத்தில் உட்கார்ந்து கழுத்தை இடப்பக்கம் சாய்த்துக்கொண்டாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே அப்படித்தான். உடைந்த கப்பலின் பாய்மரத்தை நட்டு முன்னோர்கள் நிறுத்திய தூண் ஒன்று அவளுக்கும் பீடத்துக்கும் நடுவே நின்றது. "இந்த எழவெடுத்த தூணு என்னைக்குத்தான் விழுமோ" என்று பூசைக்குப் பூசை முணுமுணுப்பாள். கோயிலோடு அதுவும் எரிந்து விழுந்துவிட்டது.

வெளியூரிலிருந்து பூசை வைக்க வந்திருந்த சாமியார் பிரசங்கத்தை நிறுத்தி, "கழுத்து வலியாம்மா? நேரா உக்காருங்க" என்றார்.

அவள் நிமிர்ந்தாள். பீடமாகப் போட்டிருந்த மேசை முழுதாகத் தெரிந்தது. அதற்குப் பின்னால் கடலும் தெரிந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மறுபடி சாய்ந்துகொண்டாள்.

"தூணு மறைக்கு சாமி."

யாரும் சிரிக்கவில்லை. முன்னால் இருந்த ஒருவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

நற்கருணை வாங்க எழுந்த வரிசை தூண் நின்ற இடத்துக்கு வந்ததும் வளைந்து சுற்றிப் போனது. ஒருவர்கூட அதன் ஊடே கால் வைக்கவில்லை. மூட்டுவலியோடு கடைசியாக வந்தாள் கித்தேரியம்மாள். அந்தத் திருப்பத்தில் எப்போதும் தூணைப் பிடித்துக்கொண்டுதான் அவள் திரும்புவாள். கையை நீட்டினாள்.