கல்லில் பேர்

ஜவுளிக்கடை முதலாளியின் கழுத்தில் மாலை ஏறிவிட்டது. பதவிதான் இன்னும் ஏறவில்லை. மாலையை அவரே வாங்கி, மச்சினனை விட்டுப் போடச் சொல்லியிருந்தார்.

ஒரு காலத்தில் தலைநகரமாக இருந்த ஊர் அது. அதன் பழைய கோவில் வாசலில், கோட்டுப் பித்தானைப் போடுவதும் கழற்றுவதுமாகக் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். பொக்கிஷ அறைக்குப் புதுப் பொறுப்பாளர் வேண்டும். கல்வெட்டில் பேர் உள்ள குடும்பத்துக்கே முன்னுரிமை என்று கமிட்டி சொல்லிவிட்டது. "எங்க பேர் இருக்கு, தோண்டிப் பாருங்க" என்று நச்சரித்ததே இவர்தான்.

வாசலோரம் பாதி புதைந்து கிடந்த கல்லின் முன்னால் கல்வெட்டு ஆய்வாளர் குந்தி உட்கார்ந்து, பிரஷ்ஷால் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"ஆச்சா சார்?"

"இப்பத்தானே கேட்டீங்க?"

"அது அப்ப!"

கொஞ்ச நேரத்தில் ஆய்வாளர் நிமிர்ந்தார். "இருக்கு சார். உங்க குடும்பப் பட்டப்பேர் அப்படியே இருக்கு. கீழே இன்னும் நாலு வரி..."

"அதை நிதானமாப் படிங்க. பேர் வந்தாச்சில்ல, போதும்!"

அவ்வளவுதான், முதலாளியின் முதுகு நிமிர்ந்தது. "மாப்ளே, இனிமே கடையில என்னை யாரும் முதலாளின்னு கூப்பிடக் கூடாது."

"பின்னே? 'மகாராஜா, இந்தத் துண்டு சாயம் போகுமா'ன்னு கேக்கணுமா?" என்ற மச்சினன் கல்லையே பார்த்தான். "ஆமா அத்தான், கோவிலுக்கு அள்ளிக் குடுத்தவங்க பேரெல்லாம் உள்சுவத்துல இருக்கு. உங்க பாட்டன் பேரு மட்டும் ஏன் தெருவைப் பாத்துக்கிட்டு நிக்குது?"

"பெரிய மனுஷன் பேரு ஊருக்கே தெரியணும்டா!"

கமிட்டித் தலைவர் தட்டில் சாவிக்கொத்தோடு வந்தார். தலைமுறை தலைமுறையாகத் தாங்கள் கட்டிக்காத்த நாணயத்தைப் பற்றி முதலாளி நாலு வார்த்தை பேசினார். யாரும் கேட்கவில்லை என்பதால் இன்னும் நாலு வார்த்தை பேசினார். பிறகு முகத்தைப் போட்டோகிராபருக்கும் கையைத் தட்டுக்கும் நீட்டினார்.

கடைசி வரியின் மண்ணை ஊதிப் படித்த ஆய்வாளர், பிரஷ்ஷைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து தட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இந்தக் குடும்பத்துக்கிட்ட மட்டும் எந்தக் காலத்துலயும் சாவியைக் குடுத்துடாதீங்கன்னு ராஜா எழுதி வெச்சிருக்கார், ஐயா!"