இரண்டு பேர் கடை

கொரீன் 'படைக்குப் போனவரின் வேலை உரிமைகள்' என்ற சிறு புத்தகத்தை மூன்றாவது முறையாகப் புரட்டிக்கொண்டிருந்தாள். அட்டையில் பட்டாளச் சீருடை போட்ட ஒருவர், தன் பழைய வேலைக்குத் திரும்பி வந்து பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். பக்கத்தில் பிரித்துப் போட்ட ஓர் உறை. அதன் மூலையில் ராணுவ முத்திரை.

கல்லாவுக்குப் பின்னால் நின்று வெர்னன் ஒரு மோட்டார் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது. கோபமாவது வரும் என்று காலையிலிருந்து காத்துப் பார்த்தார், வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி மனசு மரத்துக் கிடந்தது.

மொத்தமே இரண்டு பேர் வேலை செய்யும் கடை. நெப்ராஸ்காவில் எங்கள் பக்கத்துப் பண்ணைகளில் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் நின்றுபோனால் இவர்களைத்தான் கூப்பிடுவோம். இருநூறு அடிக் குழாயை ஒற்றை ஆளாக வெளியே எடுக்க முடியாது. இரண்டில் ஒன்று குறைந்தால் பாதிக் கடை மிஞ்சும் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

கதவைத் தள்ளிக்கொண்டு திருமதி ஹாஸ்கின்ஸ் வந்தார். எழுபத்திரண்டு வயது, அறுபது மாடு, ஓயாத வாய்.

"சனிக்கிழமை வந்தேன். பூட்டிக் கிடந்துச்சு. மாசா மாசம் மொத சனிக்கிழமையானா உன்னை எந்த ஏரி மீனு பத்திரிகை வெச்சு அழைக்குது?"

"ஒண்ணும் மாட்டல," என்றார் வெர்னன்.

"எப்படி மாட்டும்? உன் மூஞ்சியைப் பார்த்தா எனக்கே தண்ணிக்கு அடியில போகணும்போல இருக்கு." சொல்லிக்கொண்டே திரும்பியவர் கண்ணில் அந்தப் புத்தகமும் உறையும் பட்டன. குரல் சட்டென்று இறங்கியது. "ஊர்ல வேலை பார்க்கிற ரிசர்வ் படையையும் கூப்பிட்டுட்டாங்களா?"

"ஆமா," என்றாள் கொரீன். "ஒரு வருஷம். எந்த நாட்டுக்குன்னு இன்னும் சொல்லல."

"அடி என் கண்ணு!" கிழவி அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். முப்பது வயதுப் பெண், நாலு ஆள் வேலையைச் செய்யும் தோள்கள். அந்தத் தோள்களைத் தடவித் தடவிக் கொடுத்தார்.

கொரீன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். வெர்னன் வேண்டாம் என்று தலையை அசைத்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

அது திருமதி ஹாஸ்கின்ஸின் கண்ணுக்குத் தப்பவில்லை. "ஏன்டா அவளை அடக்குற? பேச விடு. இல்ல, இப்பவே வேற ஆள் தேட ஆரம்பிச்சிட்டியா?"

"இல்லைங்க."

"தேடுவே. எனக்குத் தெரியாதா? எங்க வீட்டுக்காரர் வளைகுடாச் சண்டைக்குப் போயிட்டு வந்தப்ப, மில்லுக்காரன் அவர் இடத்துல சொந்த மச்சானை உட்கார வெச்சிருந்தான். கோர்ட்டுக்கு இழுத்தோம். பதினெட்டு மாசம் அலைஞ்சோம். மனுஷன் சண்டையில இளைச்சதைவிட அதுலதான் இளைச்சார்."

"தெரியுமுங்க. சொல்லியிருக்கீங்க."

"அப்ப கேட்டுக்கோ. சின்னக் கடை, தாங்காதுன்னு என்கிட்ட அழாதே. சட்டத்துக்குச் சின்னக் கடை, பெரிய கடைன்னு கிடையாது. போறவங்க திரும்பி வர்ற அன்னைக்கு அதே வேலை, அதே மதிப்பு. இடத்தை நீ காப்பாத்தி வெச்சிருக்கணும்."

"வெச்சிருப்பேன்," என்றார் வெர்னன். மூடியைத் துடைப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

கிழவிக்கு வேகம் தணிந்தது. திட்டி முடித்ததும் இரங்குவது அவர் வழக்கம். "சரி, ஏப்ரல்ல என் கிணத்து மோட்டாரை மேல எடுக்கணுமே, ஞாபகம் இருக்கா? இவ இல்லாட்டி என்ன, என் மருமகனை அனுப்புறேன். ஒரு கை பிடிப்பான். நீ இருக்கேங்கிற தைரியம்தான் எனக்கு. மோட்டார் ரிப்பேர் பண்ற பெரிய கம்பெனிக்காரன் போன வாரமே வீட்டுக்கு வந்து நம்பர் குடுத்துட்டுப் போனான். நான்தான் எங்களுக்கு வெர்னன் இருக்கான்னு சொல்லி அனுப்பிட்டேன்."

வெர்னன் துணியைத் திருப்பிப் பிடித்து மறுபடி துடைத்தார்.

கிழவி கொரீனின் கன்னத்தில் முத்தம் கொடுத்தார். "பத்திரமா வந்து சேரு. உன் இடம் எங்கேயும் போகாது. போச்சுன்னா இவன் என் கையால சாவான்." வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். வந்த வேலையை மறந்துவிட்டார், கடைசிவரை ஒன்றும் வாங்கவில்லை.

கொரீன் புத்தகத்தை மூடி வைத்தாள்.

"அவங்ககிட்டயாவது சொல்லியிருக்கலாம்," என்றாள் கொரீன்.

"சாயங்காலத்துக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிடும். அப்புறம் ஆளாளுக்கு அந்தக் கம்பெனி நம்பரைத் தேடுவாங்க. கிளம்ப இருக்கிற மூணு வாரமாவது கடை ஓடட்டும்."

கொரீன் கண்களைத் துடைத்துக்கொண்டாள். வெர்னன் கையிலிருந்த துணியை மெதுவாகப் பிடுங்கிக் கீழே போட்டாள்.

"அந்தம்மா சொன்ன சட்டம் வேலைக்காரங்களுக்குத்தான் வெர்ன். மீன் பிடிக்கன்னு சொல்லி மாசா மாசம் பயிற்சிக்குப் போனதும், இப்பப் பட்டாளத்துக்குப் போறதும் முதலாளின்னா, உங்க இடத்தை யாரு காப்பாத்தி வெச்சிருப்பா?"