கூடைக்கு வராத போன்

கூடையில் கிடந்த அந்த போனை எடுத்ததுமே ஆங்கில ஆசிரியைக்குச் சந்தேகம் தட்டியது. தீப்பெட்டி கனம்தான் இருந்தது. பின்மூடியைக் கழற்றினார். உள்ளே பேட்டரியே இல்லை.

"இது யாரோடது?"

வகுப்பே திரும்பிக் கடைசி பெஞ்சைப் பார்த்தது. எழுந்து நின்றவள் 'சைலண்ட் மோடு'. ஆறு மாதமாக வகுப்பில் வாயே திறக்காதவளுக்குத் தோழிகள் வைத்த பெயர் அது.

"நல்ல போன் எங்கே?"

பையிலிருந்து எடுத்து நீட்டினாள்.

வகுப்புக்குள் நுழைந்ததும் எல்லாரும் போனைக் கூடையில் போட்டுவிட வேண்டும். ஆசிரியை போட்ட சட்டம். அதற்கே டிமிக்கி கொடுத்திருக்கிறாள். ஆசிரியைக்குக் கோபம் தலைக்கேறியது. உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது, அதை மறைப்பானேன்? போனை வைத்து ஆங்கிலம் கற்கலாமா என்று மாணவர்களின் கருத்தைக் கேட்க அன்று மதியம்தான் கல்லூரி முதல்வர் வருகிறார். கூடவே கூடாது என்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவருக்குச் சாட்சி தானாக வந்து மாட்டியது.

முதல்வர் வந்தார்.

"அர்த்தம் தெரியாத வார்த்தைன்னா உடனே பார்த்துக்கலாம் சார்," என்றான் ஒருவன்.

"பொய் சொல்லமாட்டேன் சார். கையில போன் இருந்தா நான் கேம்தான் ஆடுவேன்," என்றான் இன்னொருவன்.

சிரிப்பு அடங்கியதும் ஆசிரியை கடைசி பெஞ்சைக் காட்டினார்.

"அவளைக் கேளுங்க சார். செத்த போனைக் கூடையில போட்டுட்டு, நல்லதை ஒளிச்சு வச்சிருக்கா. ஆறு மாசமா போனும் கையுமா இருந்து என்னத்தைக் கிழிச்சான்னு பார்ப்போம். ரெண்டு நிமிஷம் இங்கிலீஷ்ல பேசட்டும், போனுக்குத் தடை வேண்டாம்னு நானே கையெழுத்துப் போடறேன். இல்லைன்னா வருஷம் முடியற வரைக்கும் அவ போன் என்கிட்டதான்."

அவள் எழுந்தாள். முதல் வாக்கியம் பாதியிலேயே நின்றது. யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள்.

மூச்சை இழுத்துவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

இந்த முறை நிற்கவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதும் பாத்திரம் கழுவும்போதும் போனில் கேட்டதைத் திருப்பிச் சொல்லிச் சொல்லிப் பழகியதை, தெளிவான ஆங்கிலத்தில், அவசரப்படாமல் சொன்னாள். இரண்டு நிமிடம் ஐந்து நிமிடமானது. சிரித்தவர்களே மேஜையைத் தட்டினார்கள். முதல்வர் எழுந்து நின்று கைதட்டினார்.

தோற்றுப்போன வருத்தம் ஆசிரியைக்குத் துளியும் இல்லை. சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. போனை அவளிடமே கொடுத்தார்.

"இவ்வளவு அழகா யாரு சொல்லிக் கொடுத்தது? எனக்கும் கொஞ்சம் காட்டு."

அவள் தயங்கித் தயங்கி ஒரு பதிவைத் தட்டினாள். ஒலித்தது ஆசிரியையின் குரல். போன வாரம் நடத்திய பாடம்.

"நான் நடத்தினதா? புரியலைன்னா என்கிட்டயே இன்னொரு தடவை கேட்டிருக்கலாமேம்மா?"

"சேர்ந்த முதல் வாரமே கேட்டேன் மேடம். 'ஒரு தடவை சொன்னா மண்டையில ஏறாதா'ன்னீங்க." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "இதுல ஒவ்வொரு பாடத்தையும் நாற்பது தடவை கேட்டிருக்கேன். ஒரு தடவைகூட நீங்க கோபப்படலை."