கிழியாத புடவை

இருந்தது ஒரே பீரோவில்தான் என்றாலும், நைலான் புடவைக்குச் சுங்குடிப் புடவையைக் கண்டாலே ஆகாது. செண்பகம் எடுத்து உடுத்துவதெல்லாம் அந்தப் பருத்திச் சுங்குடியைத்தான்.

பொங்கல் நெருங்கியது. கடைக்குக் கிளம்பிய கணவரிடம், "வீடு துடைக்க ஸ்பாஞ்சு, அது இதுன்னு எதையும் வாங்கிட்டு வந்துடாதீங்க. போன வருஷக் குப்பை பூரா பிளாஸ்டிக்தான்" என்றாள் செண்பகம். பிறகு, நைந்துபோன சுங்குடியை எடுத்துத் துண்டு துண்டாகக் கிழித்தாள்.

"ஒழிஞ்சா!" என்று நைலான் பூரித்துப்போனது.

ஆனால் பீரோ திறந்தே கிடந்தது. சுங்குடி ஜன்னல் கம்பியில் இருந்தது, சாமி படத்தில் இருந்தது. வியர்வை துடைக்க ஒரு துண்டு செண்பகத்தின் தோளிலேயே கிடந்தது. நைலானுக்கு வயிறு எரிந்தது.

"கிழிஞ்ச பிறகும் உன்னை விடமாட்டேங்கிறாளே!"

"நீயும்தான் வாயேன். வேலை எவ்வளவு கிடக்கு" என்றது தோளில் கிடந்த துண்டு.

நைலான் வேண்டுமென்றே தட்டிலிருந்து வழுக்கி, வாளித் தண்ணீர் சிந்திக் கிடந்த இடத்தில் விழுந்தது. புரண்டு புரண்டு துடைத்துப் பார்த்தது. தண்ணீர் தரையிலேயே நின்றது.

செண்பகம் பதறி ஓடிவந்து எடுத்து உதறினாள். "நல்லவேளை, ஒட்டவே இல்லை. அப்படியே புதுசாட்டம் இருக்கு!" என்று மடித்து, அடித்தட்டில் வைத்துப் பூட்டினாள்.

இருட்டில் நைலான், பக்கத்தில் போட்டிருந்த அந்துருண்டையிடம், "பார்த்தியா? எனக்கு ஒரு கசங்கல்கூட இல்லை" என்றது.

அந்துருண்டை என்றைக்கோ கரைந்துபோயிருந்தது.